தப்பாக முளைத்த பல்

முளைக்காத பல்லின் அகலத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று அந்தப் பல் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். கீழ்வரிசை முன்பற்கள் நாலையும் அளந்தால் போதும். மேலே ஈறுக்குள் தூங்குகிற கோரைப்பல் எத்தனை மில்லிமீட்டரில் எழுந்து வரும் என்று கணக்கு சொல்லிவிடும். நல்ல காரியம்தானே, யார் வேண்டாமென்றார்கள்? நூற்றிருபது பிள்ளைகளைச் சேர்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்து முளைத்த பல்லை அளந்து சரிபார்ப்பதாக ஏற்பாடு. கடைசிவரை இருக்கிற பிள்ளைக்குப் பல் கோணலாக இருந்தால் கிளிப் இலவசம்.

டவுன் பஸ் கண்டக்டரம்மா ஒருத்தி தன் மகளைச் சேர்த்தது அந்த இலவசத்துக்காகத்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மகளின் கோரைப்பல் ஏழு புள்ளி இரண்டு வரும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். வந்த பல் அட்டையைப் படிக்கவில்லை. நிறைந்த பஸ்ஸில் மூட்டையோடு ஏறினவன் மாதிரி, உள்ளே இடமில்லாமல் ஈறுக்கு மேலேயே தொங்கிக்கொண்டு நின்றது. பதிமூன்று வயசுப் பெண்ணுக்கு வகுப்பில் 'சிங்கப்பல்' என்று பேரே வைத்துவிட்டார்கள். பிள்ளை சிரித்து ஆறு மாசம் ஆகிறது.

சரிபார்க்கும் நாளில் லீவு போட்டுவிட்டு மகளோடு போனாள். வாசலிலேயே தொற்றுத் தடுப்பு அலுவலர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். கையைக் கழுவச் சொன்னார். கழுவினார்கள். குழாயைத் தொட்டு மூடிவிட்டதால் மறுபடி கழுவச் சொன்னார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்கம்மா. உள்ள போனா பாப்பா வாயைத் திறக்காதுன்னு உறுதிமொழி."

"இது பல் ஆஸ்பத்திரிதானே சார்?"

"சந்தேகமே வேண்டாம். தொற்று எது வழியாப் பரவுது? வாய் வழியா. அதனால ஒன்றரை வருஷமா இந்த ஆய்வுல ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை. இன்னைய தேதி வரைக்கும் ஒரு தொற்று உண்டா? கேடயமே குடுத்திருக்காங்க."

சுவரில் கேடயம் இருந்தது. அதற்கும் பாலித்தீன் உறை போட்டிருந்தார்கள்.

கண்டக்டரம்மா கையெழுத்துப் போடாமல் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அங்கே மேற்படிப்பு மாணவி ஒருத்தி ஒரு பையனை நிறுத்தி வைத்திருந்தாள். அவன் உதட்டை ஒட்டவைத்த மாதிரி மூடிக்கொண்டிருந்தான். மாணவி அவன் அட்டையைப் பார்த்தாள், ஏதோ எழுதினாள், சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஏம்மா, என்ன எழுதினே?"

"ஏழு புள்ளி நாலுக்கா. சூத்திரம் சொன்ன மாதிரியே வந்திருக்கு."

"அவன் வாயையே நீ பாக்கலையே!"

"வாயைத் திறக்கக் கூடாதேக்கா. அதான் சூத்திரத்தை வெச்சே அளந்துட்டேன்."

"சூத்திரம் சரியான்னு பாக்கத்தானே தாயே அளக்கறீங்க?"

"ஆமாக்கா. எல்லாருக்கும் சரியா வருது. நூத்துக்கு நூறு!" மாணவி பெருமையாகச் சிரித்தாள். அவளுக்கு அழகான பல்வரிசை.

கண்டக்டரம்மாவுக்கு வந்ததே கோபம். "திறடி வாயை!" என்றாள். மகள் திறந்தாள். மாணவி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். தூசி படிந்து கிடந்த அளவுக் கருவியைத் துடைத்து அவள் கையில் திணித்து, அளக்கிறவரை கண்டக்டரம்மா நகரவில்லை.

எட்டு புள்ளி ஒன்று.

அரை மணி நேரத்தில் அவசரக் கூட்டம் கூடியது. பேராசிரியர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இந்தப் பல் தப்பா முளைச்சிருக்கு."

"பல் எப்படி சார் தப்பா முளைக்கும்?"

"நூத்திப் பத்தொம்பது பிள்ளைங்களுக்குப் புள்ளி பிசகாம முளைச்சிருக்கே! உங்க பொண்ணுக்கு மட்டும் என்ன கேடு? வீட்ல என்னத்தைக் குடுத்து வளக்கறீங்க?"

தொற்றுத் தடுப்பு அலுவலர் தொண்டையைச் செருமினார். "சார், சூத்திரப்படி இந்தப் பொண்ணோட பல் ஏழு புள்ளி ரெண்டு. இது அது இல்லை. அப்போ இது வேற யாரோ பல். ஒருத்தர் பல் இன்னொருத்தர் வாயில இருக்கிறது விதிப்படி பெரிய மீறல். உடனே பிடுங்கிப் பத்திரப்படுத்தணும்."

மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்டக்டரம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, "கிட்ட வந்து பாருங்கய்யா, யார் பல் விழுதுன்னு தெரியும்," என்றாள்.

பேராசிரியர் பெருந்தன்மையோடு கையமர்த்தினார். "கோபப்படாதீங்க. ரெண்டு வழி இருக்கு. எட்டு புள்ளி ஒண்ணுதான்னு சொன்னா ஆய்விலேர்ந்து நீக்கம். நீக்கினா கிளிப் கிடையாது. ஏழு புள்ளி ரெண்டுன்னு ஒரு கையெழுத்துப் போட்டா, ஆய்வு நிறைவு. உரிமை எல்லாம் உண்டு."

கண்டக்டரம்மா யோசித்தாள். உண்மையைக் கட்டிக்கொண்டு அழுதால் பிள்ளை சிரிக்குமா? கேவலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஊரோடு ஒத்துப் போனால் என்ன குறைந்துவிடும்? பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

"கிளிப் எப்ப சார் மாட்டுவீங்க?"

பேராசிரியர் அட்டையைத் திருப்பினார். "உள்ள இருக்கிற இடம் ஏழரை. பல் ஏழு புள்ளி ரெண்டு. தாராளமா அடங்கியிருக்கு. கோணலே இல்லாத பல்லுக்குக் கிளிப் எதுக்கும்மா? நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே!" அவள் கையெழுத்துப் போட்ட தாளையே சீரான பல்வரிசைக்கான சான்றிதழாக்கி, எழுந்து நின்று வழங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் கையைக் கழுவினார்கள்.

வெளியே வராந்தாவில் அடுத்த ஆய்வுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னப் பையனைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, உள்ள நல்லாப் பாக்கறாங்களா? நம்பிச் சேக்கலாமா?"

கண்டக்டரம்மா கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தாள். கீழே அவள் கையெழுத்து, முத்து முத்தாக. நடந்ததைச் சொன்னால் அதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்?

"நல்லாப் பாக்கறாங்கம்மா," என்றாள். "ஒரே நிமிஷம்தான். சான்றிதழே குடுத்துடறாங்க."

"அம்மா, எனக்கு..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"நீ வாயை மூடுடி," என்றாள் கண்டக்டரம்மா.