மாப்பிள்ளை காருக்கு இருபத்து மூன்று குறைகள்

எதையும் திறந்து பார்த்துவிட வேண்டும் என்கிற அரிப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வீட்டுக்கு வந்த டிரான்சிஸ்டரை வந்த அன்றைக்கே கழற்றியவன் நான். (திரும்ப மாட்டினாயா என்று கேட்காதீர்கள். கேட்டவர்கள் எல்லாம் என் விரோதிகள்.) இப்படிப்பட்டவனுக்கு வேலையும் பொருத்தமாகத்தான் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு நட்டு போல்ட் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் செக்ஷன். அளவு சரியாக இருந்தால் பெட்டியில் போட வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு பெயிண்ட் அடித்து ஒதுக்க வேண்டும். இருபத்து மூன்று வயதில் ஒருவன் கையில் சிவப்பு பெயிண்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? உலகத்தையே ரிஜெக்ட் பண்ணிவிடலாம் என்கிற திமிர் வந்துவிட்டது.

அது 1991, தை மாசம். என் அக்கா வசந்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் ஏழுமலை மாமா பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். ஆனால் ஸ்டியரிங்கைப் பார்த்தால் ஆசையில் கண்ணில் தண்ணி வந்துவிடும். ஒரகடத்தில் ஒருவர் தன்னுடைய மாப்பிள்ளை காரை விற்கப் போவதாக அவர் காதில் விழுந்துவிட்டது.

மாப்பிள்ளை கார் என்றால் கூரை மடங்குகிற பழைய ஓப்பன் கார். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைப் பின்சீட்டில் ஜோடித்து உட்கார வைத்து, முன்னால் பேண்டு வாசிக்க, ஊரைச் சுற்றிக் கூட்டி வருவார்களே, அதற்கு. எங்கள் சுற்றுவட்டாரத்துக்கே அப்போது அந்த ஒரு கார்தான்.

"டேய் சேகரு, அத்த வாங்கினா இவுரு வேலைய வுட்டுடுவாரு. ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு நான் இன்னா பண்றது? நீதான் செக்கிங்ல கீறியே, போய் நல்லா பாரு. நல்ல வண்டின்னா வாங்கட்டும். ஒரு கொறை இருந்தாலும் வேணாம்னு சொல்லிடு. நீ சொன்னா கேப்பாரு" என்றாள் அக்கா.

அக்கா என்னை நம்பிக் கேட்ட முதல் காரியம் அது. நான் கம்பெனி செக்லிஸ்ட் மாதிரியே ஒரு தாளில் கோடு போட்டு எடுத்துக்கொண்டேன். சட்டைப் பையில் இரண்டு பேனா. (ஒன்று சிவப்பு. வேறு என்ன?)

இன்றைக்கு லாரி கம்பெனியும் கார் கம்பெனியுமாக நெரிகிற ஒரகடத்தில் அன்றைக்குக் கூட்டுரோட்டில் நாலு கடை. பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகை. அதில்தான் கார் நின்றது. சொந்தக்காரர் தனகோட்டி, நாற்பத்தைந்து வயதிருக்கும், "இத்தினி வருஷத்துல ஒரு கல்யாணத்துலயும் நின்னதில்ல சார்" என்று துண்டால் காரைத் தட்டிக்கொண்டே வரவேற்றார்.

காரைப் பார்த்ததும் மாமா ஒரு மாதிரி ஆகிவிட்டார். கிளிப்பச்சை நிறம், கண்ணாடிக்கு ஜரிகை, பின்சீட்டில் வெல்வெட். நான் மயங்கவில்லை. குனிந்தேன், படுத்தேன், கதவைப் பத்துத் தரம் திறந்து மூடினேன். டிரைவர் கால் வைக்கிற இடத்தில் தரை தெரிந்தது. (காரின் தரை இல்லை. ஒரகடத்தின் தரை.)

"எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்றேன்.

"எங்க வண்டி கிலோமீட்டர் கணக்குல ஓடாது சார். தெரு கணக்குல ஓடும்."

"மூணாவது கியர் விழுமா?"

"அத்த யாரு போட்டா? பேண்டுகாரன் ஓடினாத்தானே நாம மூணாவது போடணும்?"

"ரிவர்ஸ்?"

தனகோட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னா சார் பேசறீங்க? மாப்ள போற வண்டி பின்னால போவலாமா? நாங்க போட்டதே இல்ல."

எனக்கு அது ஞாயமாகப் பட்டதுதான் கொடுமை. பதினெட்டுக் குறை எழுதி முடித்திருந்தேன். அக்கா கேட்டது ஒரே ஒரு குறை. அங்கேயே தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, 'வாங்க மாமா, டீ குடிச்சிட்டுப் போலாம்' என்று கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எனக்கு அரிப்பு. இத்தனை குறையை வைத்துக்கொண்டு இந்த வண்டி எப்படி இத்தனை வருஷம் ஒரு கல்யாணத்திலும் நிற்காமல் ஓடியது?

"ஓட்டிப் பார்க்கணுமே" என்றேன்.

"தாராளமா. சாயங்காலம் வாலாஜாபாத்துல ஒரு மாப்ள அழைப்பு கீது. நீங்களே ஓட்டுங்க."

வாலாஜாபாத்துக்குக் கார் டிராக்டர் பின்னால் கயிறு கட்டிப் போனது. ஏன் என்று கேட்டதற்கு, "மாப்ளைய நடக்க வுடுவமா? அது மாதிரிதான்" என்றார் தனகோட்டி. பத்தொன்பது என்று எழுதிக்கொண்டேன். ஊர் போய்ச் சேர்வதற்குள் ஹாரனும் பிரேக்கும் சேர்ந்து இருபத்தொன்று ஆகிவிட்டது.

சாயங்காலம் ஆறரைக்கு நான் டிரைவர் சீட்டில். பக்கத்தில் மாமா, கோயிலுக்குள் உட்கார்ந்த மாதிரி கைகட்டிக்கொண்டு. பின்னால் கோட்டு சூட்டு, மாலையோடு மாப்பிள்ளை. பாவம், சாதுவான பையன். முன்னால் பேண்டு. தனகோட்டி மட்டும் காருக்குப் பக்கத்தில், பானெட் மேல் உள்ளங்கையை வைத்தபடியே நடந்து வந்தார். பாசம் என்று நினைத்தேன்.

முதல் தெரு முனையில் அவர் கையைத் தூக்கினார். உடனே பேண்டு நின்று, ஒரு முழுப் பாட்டை நின்ற இடத்திலேயே வாசித்தது. சனம் ஆடியது. வண்டியை அணைக்கச் சொன்னார். அடுத்த முனையில் மறுபடி கை, மறுபடி பாட்டு. இந்தத் தடவை நான் இறங்கிப் பார்த்தேன். ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு ஆள் மாவிலை செருகிய பித்தளைக் குடம் ஒன்றைத் தோளில் தூக்கி வந்துகொண்டிருந்தான். பூரண கும்பம் என்று எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் நைசாக வந்து, பானெட்டைத் திறந்து, மாவிலையை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணியை அப்படியே ரேடியேட்டரில் ஊற்றினான்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. கை சூடு தாங்காவிட்டால் பாட்டு! ஊரே கச்சேரி என்று நினைத்துக்கொண்டிருக்க, அது இஞ்சின் ஆறுவதற்கு! சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆள் காலில் விழலாம் போல இருந்தது. விழாமல், தாளை எடுத்து 'ரேடியேட்டர் ஒழுகல்' என்று எழுதினேன். அதோடு இருபத்திரண்டு.

பாக்கி ஒன்றுதான், கூரை.

அது பின்சீட்டுக்குப் பின்னால் மடிந்து, பட்டுத்துணி போர்த்திக் கிடந்தது. மூன்றாவது முனையில் பாட்டு ஆரம்பித்ததும் நான் மாப்பிள்ளையிடம், "தம்பி, கொஞ்சம் முன்னால நகருங்க" என்றேன்.

"மச்சான், போதும், வுடு" என்றார் மாமா.

"சார், கூரைய மட்டும் தொடாதீங்க சார்!" தனகோட்டி கத்தினார். டிரம்ஸ் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. கேட்டதால்தான் இன்னும் வேகமாக இழுத்தேன். தொடாதே என்றால் அங்கேதானே குறை இருக்கிறது!

முதலில் அசையவில்லை. காலை சீட்டில் உதைத்து முழு பலத்தோடு ஒரு இழுப்பு. படார் என்று எழுந்து, எங்கள் எல்லார் தலைக்கும் மேலே பறந்து போய், முன்கண்ணாடி மேல் கப்பென்று மாட்டிக்கொண்டது. கூடவே எத்தனையோ வருஷத்து எலிக்கூடு, நெல் உமி, புழுக்கை, எல்லாம் மாப்பிள்ளை மேல் கொட்டியது. உள்ளே கும்மிருட்டு. மாப்பிள்ளை மூன்று தரம் தும்மினார்.

திறக்கவில்லை. நான், மாமா, தனகோட்டி, பேண்டு மாஸ்டர் நாலு பேரும் தொங்கியும் அசையவில்லை.

"கதவத் தொறந்து எறங்குங்க தம்பி" என்றேன். மாப்பிள்ளையின் அத்தை பாய்ந்து வந்தாள். "ஆரத்தி எடுக்காம எம்புள்ள கால் தரையில படக்கூடாது! யாருய்யா நீ?"

அதற்குள் பெண் வீட்டார் எதிர்கொண்டு வந்துவிட்டார்கள். ஓப்பன் கார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது மூடிய காராக வந்து நிற்கிறது. பெண்ணின் தாய்மாமன் காரைச் சுற்றி வந்தார். "இன்னாத்துக்குய்யா மூடி எடுத்துக்கினு வர்றீங்க? மாப்ளைக்கு இன்னா கொறை?" கூட்டத்தில் ஒருத்தர் ஆள் மாறிவிட்டது என்றார். இன்னொருத்தர் மாப்பிள்ளைக்கு அம்மை என்றார். பெண்ணின் அப்பா முகம் வெளுத்துப்போனது. ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஒரு செக்லிஸ்ட்டுக்காக நிறுத்தப் பார்க்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது.

யோசிக்கவில்லை. மண்டபத்துச் சமையல்கட்டுக்கு ஓடினேன். வாழை இலை நறுக்குகிற கத்தியோடு திரும்பி வந்தேன். (கத்தியோடு ஓடி வருகிறவனைப் பார்த்துப் பெண் வீட்டார் பாதிப்பேர் கலைந்தது தனிக்கதை.) பானெட் மேல் ஏறி, கூரைத் துணியில் சதுரமாக ஒரு வெட்டு.

"எழுந்திருங்க தம்பி!"

ஓட்டை வழியாக முதலில் மாலை வந்தது. அப்புறம் தலை, தலை நிறைய உமி. அப்புறம் கோட்டு. அந்தப் பையன் நின்றுகொண்டு, கூட்டத்தைப் பார்த்து, ஒரு கும்பிடு போட்டான் பாருங்கள்! சனம் விசிலடித்தது. பேண்டு பிய்த்து உதறியது. தாய்மாமன், "அட, உசரமான மாப்ள!" என்று கைதட்டினார். போட்டோகாரர் மூன்று பக்கமும் சுற்றி எடுத்தார். ஊர்வலம் மண்டபம் வரைக்கும் அமர்க்களமாகப் போனது.

மாப்பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால், நடுத்தெருவில் தனகோட்டி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"கீச்சிட்டியே சார். கூரை போன வண்டிய இனிமே எவன் வாங்குவான்? சொன்ன வெலைக்கு நீங்களே எடுத்துக்கினு போய்டுங்க. ஊர்ல நாலு பேர கேளு, இது ஞாயமா இல்லியான்னு."

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை மாமா, "ஞாயந்தாண்ணே. கீச்சது எங்க ஆளு. நாங்களே எடுத்துக்கறோம்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் துளிகூட இல்லை. என்னைக் கட்டிப் பிடித்து, "நீ நல்லா இருப்படா மச்சான்" என்றார். ஆயுசுக்கும் அப்படி ஒரு சந்தோஷத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை.

நான் முன்னால் கிளம்பி வீடு வந்து சேர்ந்தபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பாத்தியாடா?"

"பாத்தேங்க்கா. இருபத்து மூணு குறை. வேணவே வேணாம்."

"அப்பாடா" என்று மார்பில் கை வைத்துக்கொண்டாள். "நீ போய்ப் பாத்து என் வயித்துல பால வார்த்தடா. சரி, அவரு எங்க?"

"வண்டிய எடுத்துக்கினு வர்றாரு."

"எந்த வண்டிய?"

நான் தரையைப் பார்த்தேன். தெருமுனையில் டிராக்டர் சத்தம் கேட்டது. அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் நம்பிக் கேட்ட ஒரே காரியத்தை இப்படிச் செய்தோமே என்று எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஒரு மாசம் வேலைக்குச் சிவப்புப் பேனா எடுத்துப் போகவில்லை.

மாமா ஆவணியில் வேலையை விட்டார். புது ரேடியேட்டர் போட்டார். கூரையில் நான் வெட்டிய சதுரத்துக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை, செய்ய விடவில்லை. வாலாஜாபாத் கல்யாண போட்டோவைப் பார்த்தவர்கள் எல்லோரும், "நின்னுக்கினு வருவாரே, அந்தக் காரு வேணும்" என்று கேட்டு வந்தார்கள். கஷ்ட ஜீவனம்தான், ஆனாலும் அந்தக் கார்தான் அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேரையும் படிக்க வைத்தது. அக்கா என்னோடு முழுசாக ஒரு வருஷம் பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகு, சொந்தக்காரர்கள் யார் எது வாங்கப் போனாலும் ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னாள்: "சேகர மட்டும் கூட்டிக்கினு போயிடாத. அவன் பாத்தான்னா வாங்கியே ஆவணும்."

ஃபிரிட்ஜ், மனை, பசுமாடு எதற்கும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவர்கள் பார்த்து முடித்த பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள்.

போன மாசம் அக்கா மகள் ஒரகடத்தில் ஃபிளாட் பார்த்திருப்பதாக போன் பண்ணினாள். பில்டர் சாவி கொடுக்கிறாராம், சனிக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்க்கப் போகிறார்களாம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, மன்னித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, போனும் கையுமாக அலமாரியில் டேப்பைத் தேட ஆரம்பித்தேன்.

"மாமா, உங்களால ஒரு ஒத்தாச ஆவணும்" என்றாள்.

"சொல்லும்மா. டேப்பு, டார்ச்சு எல்லாம் எடுத்துக்கினு வர்றேன்."

"அது இல்ல மாமா. சனிக்கிழமை மட்டும் எங்கனா வெளியூர் போயிடறீங்களா? அம்மா கேக்கச் சொன்னாங்க."

திருத்தணிக்குப் போனேன். தரிசனம் நன்றாகக் கிடைத்தது.