முதுகுவலிப் பொட்டலம்

கங்காதரனுக்கு முதுகுவலி. கல்பாக்கத்துல ஸ்டாஃப் பஸ்ஸு ஓட்டறவன். உக்காந்து உக்காந்தே முதுகெலும்பு ஹேண்ட் பிரேக் போட்டுக்கினு நிக்குது. கூட்டாளி தீனா ஒரு பொட்டலத்த கையில அமுக்கினான்.

"மச்சான், கஞ்சான்னு நெனைக்காத. ஃபாரின்ல டாக்டரே எழுதித் தர்றாரு."

வாங்கிக்கினு வூட்டுக்கு வந்தான். பொண்டாட்டி யோகேஸ்வரி கருவாடு காயப்போட்டுக்கினே ஆரம்பிச்சா.

"இன்னிக்கி மகளிர் குழு மீட்டிங்குக்குப் போலீஸம்மா வந்துச்சுய்யா. கஞ்சா துளியூண்டு வெச்சிருந்தாலும் கேஸாம். ஒரு வருஷம் உள்ள, இல்ல பத்தாயிரம் ஃபைனு. ரெண்டும் சேத்தும் போடுவாங்களாம்."

"மருந்துக்குன்னு வெச்சிருந்தா?"

"யாருக்கு மருந்து?"

"சும்மா... பொது அறிவுக்கு."

"மறதி வருமாம். நெஞ்சு படபடங்குமாம். வண்டி ஓட்டறவனுக்குக் கண்ணு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போவுமாம்."

கங்காதரனுக்கு இழுக்காமலே படபடன்னுச்சு. மாட்டினா பஸ்ஸு வேல காலி! வெளிய போட்டா ரோட்ல செக்கிங். கொளுத்தினா குப்பம் முழுக்க வாசன. பிரிக்கக்கூட பயம். அப்படியே பரண்ல பழைய வலைக்குப் பின்னால சொருவிட்டு குளிக்கப் போனான்.

காலையில யோகேஸ்வரி, "பரண்ல எலி ஓடுதுய்யா. ஏறி சுத்தம் பண்ணப் போறேன்."

"நீ ஏறாத மே! நான் எதுக்கு கீறேன்?"

ரெண்டு வருஷமா டபாய்ச்ச வேல. ஒரே மூச்சுல முடிச்சிட்டு, பொட்டலத்த கோழிக்கூண்டுல ஒளிச்சான்.

"கூண்டு நாறுது, கழுவணும்."

"நானே கழுவறேன் மே!"

அங்கருந்து கட்டிலுக்கு அடியில. "கட்டில நவுத்திப் பெருக்கணும்." நவுத்தினான். பெருக்கினான். தொடைக்கச் சொல்லாமலே தொடைச்சான். பஸ்ஸு ஓட்டுறப்பவும் நெனப்பு பூரா வூட்லயே. அவ இப்போ எத்த தூக்குறாளோ!

நாலாம் நாளு முதுகு வில்லா வளைஞ்சுபோச்சு. பொட்டலத்த அவ காலாண்ட வெச்சான்.

"யோகி, தப்பு பண்ணிட்டேன். போலீஸுக்கு மட்டும் சொல்லாத."

அவ நிதானமா பிரிச்சுக் காட்டினா. காஞ்ச முருங்கக்கீரை.

"மொத நாளே, நீ குளிக்கப் போனப்ப மாத்திட்டேன். உன்னுது கக்கூஸோட போச்சு. முதுகுவலிக்காரன் பரண்ல ஏறினா சந்தேகம் வராதாய்யா?"

"அப்போ எலி?"

"எலியாவது கிலியாவது. நாளைக்கு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போலாம், ஒழுங்கா வைத்தியம் பாரு. இன்னிக்கி கழுவறதுக்குத் தண்ணி டேங்க்கு ஒண்ணுதான் பாக்கி. அதுல நீயா எதுனா ஒளிக்கிறியா, இல்ல நானே ஒளிக்கட்டுமா?"

கங்காதரன் பிரஷ்ஷ எடுத்துக்கினு மாடி ஏறினான்.