யானைப் படம் போட்ட ஃபைல்

"யானையக் காணோம்" என்றார் பிரஸ் முதலாளி லிங்கப்பன்.

உதயகுமார் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். நேற்றுவரை அந்த பிரஸ்ஸில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் ஃபைலுக்கும் ஒரு படம் இருந்தது. கல்யாண மண்டபத்துக்கு யானை, மைக்கேல் வீட்டுப் பத்திரிகைக்கு மணி, நஞ்சன்கூடு ரைஸ்மில்லுக்கு நெல்மூட்டை. இன்று எல்லாமே வெறும் வெள்ளைத் தாள். நேற்று அவன் புதிதாக ஏற்றிய எக்ஸ்டென்ஷன் என்ற குட்டி புரோகிராம் செய்த வேலை. எக்ஸ்டென்ஷன் என்பது சித்தாள் மாதிரி. கம்ப்யூட்டர் எழும்போதே வரிசையாக வந்து நிற்கும். ஒன்று முரண்டு பிடித்தால் மொத்த வேலையும் கெடும்.

"பேரெல்லாம் கீழ அப்படியே இருக்குதுங்கண்ணா. படம் மட்டுந்தான் போச்சு."

"படந்தாண்டா வேணும்."

மைசூரில் சொந்தமாக பிரஸ் நடத்துகிறவர் பச்சைப்பிள்ளை மாதிரி பொம்மைக்கு அடம் பிடிக்கிறாரே என்று உதயகுமாருக்கு எரிச்சல். வெளிக்காட்ட முடியாது. அவன் வீட்டில் எல்லோரும் சிமெண்ட் சட்டி தூக்குகிறவர்கள். இந்த நாற்காலி போனால் அவன் தலைக்கும் சட்டிதான்.

புது எக்ஸ்டென்ஷனைத் தூக்கினான். கையோடு, பெயர் புரியாத இரண்டையும் நிறுத்தினான். யானை வரவில்லை. பிரிண்டர் போய்விட்டது.

எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தான். தமிழ் எழுத்தும் கன்னட எழுத்தும் சேர்ந்து போயின. மகள் ஸ்வீட்டியின் நிச்சயதார்த்தப் பத்திரிகைக்காகக் காத்திருந்த மைக்கேல் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, மாப்பிள்ள பேரு கொக்கியும் புள்ளியுமா இருக்குது?"

"அஞ்சு நிமிஷங்கண்ணா."

லிங்கப்பன் தன் தூக்குச்சட்டியைத் திறந்து பாதிக் களியை அவன் பக்கம் தள்ளினார். "மொதல்ல தின்னு. வெறும் வயித்துல கை நடுங்கும்."

தின்றுவிட்டு, கடைசி வித்தையாக எல்லா எக்ஸ்டென்ஷனையும் திரும்பப் போட்டு, இரண்டு விசைகளை அழுத்திப் பிடித்தபடி மெஷினை எழுப்பினான். பிரிண்டர் வந்தது. எழுத்து வந்தது. படமும் வந்தது. எல்லா ஃபைலுக்கும் ஒரே பேனா.

"எல்லாம் ஒரே மூஞ்சியா இருக்குதேடா. இதுல மைக்கேல் எது, ரைஸ்மில் எது?"

"படிச்சாத் தெரியுமேங்கண்ணா."

லிங்கப்பன் சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து நீட்டினார். "டீ வாங்கியா" என்றார்.

டீயோடு திரும்பியபோது, அவரே ஒரு பிரதி அச்செடுத்து மைக்கேல் கையில் கொடுத்திருந்தார். வழக்கம்போல, "வாய்விட்டுப் படிங்க. காதுல கேட்டாத்தான் தப்பு புடிபடும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மைக்கேல் படித்தார். "தவிடு, நொய், உமி மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்." தாளைத் திருப்பிப் பார்த்தார். "அண்ணா, நா பொண்ணத்தான் குடுக்கறேன்."

உதயகுமாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கலாமில்லீங்களாண்ணா?"

மைக்கேலும் சிரித்தார். லிங்கப்பன் சிரிக்கவில்லை. காது மடல் சிவந்துபோயிற்று. திரையிலிருந்த பேனாக்களைப் பார்த்தார்.

"ஆறிப்போகுது, டீயக் குடி" என்றார் மெதுவாக. "குடிச்சிட்டுக் கெளம்பு. நாளையிலிருந்து வர வேண்டாம்."

உதயகுமார் டீயை அப்படியே வைத்தான். பின்கட்டுக்குப் போனான். பிரஸ் தொடங்கிய நாளிலிருந்து அங்கே தாள் மடிக்கும் மாதேவி கையை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணாடி போடுங்கன்னு சொன்னது ஒரு குத்தமாக்கா? அதுக்குப் போயி வேலைய விட்டு நிறுத்துவாங்களா?"

மாதேவி முன்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போயி அந்தப் படத்தையெல்லாம் ஒண்ணொண்ணா ஒட்டிக் குடு கண்ணு, போகச் சொல்ல மாட்டாரு. கண்ணாடி போட்டா அவருக்கு எழுத்து பெருசாத் தெரியும். அது என்ன எழுத்துன்னு தெரியாது."