ஹேட்டியின் வலது கால் குணமான வரலாறு

அமெரிக்காவில் ஐயோவா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. பெயரைக் கேட்டு யாரும் பதற வேண்டாம். சோளமும் பன்றியும் செழிப்பாக வளரும் பூமி. மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் அவற்றுக்குக் குறையாமல் வளர்கின்றன. அங்கே குடியேறித் தலை நரைத்தவன் நான். என் பக்கத்து வீட்டு லவோன் ஹ்ருஸ்காவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஹேட்டி என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்குப் பிறவியிலேயே இடது பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

டாக்டர் பிரூன்ஸ்மா கெட்டிக்காரர். வாராவாரம் மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் போட்டு, அந்தப் பாதத்தை மெல்ல நேராக்கிவிட்டார். கடைசிக் கட்டைப் பிரித்த அன்று லவோனிடம் சொன்னார்:

"இனிமே ராத்திரியில பூட்ஸ் போட்டுத் தூங்க வைக்கணும்மா. ரெண்டு காலுக்கும். நடுவுல ஒரு கம்பி ரெண்டையும் இணைச்சுப் பிடிச்சிருக்கும். சில வருஷம் விடாமப் போடணும். விட்டா பாதம் பழையபடி மடங்கிக்கும்."

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பார்சல் வந்தது. லவோன் ஆசையாகப் பிரித்தாள். உள்ளே இடது காலுக்கு ஒரு பூட்ஸும் பாதிக் கம்பியும் இருந்தன.

உடனே போன் செய்தாள். எடுத்தவர் ஹார்லன் டெக்கர் என்கிற அனுமதி அதிகாரி. தேன் சொட்டும் குரல்.

"சார், ஒரு பூட்ஸ்தான் வந்திருக்கு."

"நோய் எந்தக் கால்ல மேடம்?"

"இடது கால்ல."

"பூட்ஸ் எந்தக் காலுக்கு வந்திருக்கு?"

"இடது காலுக்கு."

"அப்புறம் என்ன குறை?"

"கம்பியோட அந்தப் பக்கத்தை எதுல சார் மாட்டுறது?"

"அந்தப் பக்கமே வேண்டாம்னுதானே மேடம் பாதிக் கம்பி அனுப்பியிருக்கோம்? யோசிக்காமலா செய்வோம்?"

லவோனுக்கு அழுகை வந்துவிட்டது. மனிதர் இளகிய மனசுக்காரர், அதைத் தாங்க முடியவில்லை.

"அழாதீங்க. ஒரு வழி இருக்கு. உங்க ஊர்லயே ஒரு பையனுக்கு வலது பூட்ஸ் மட்டும் அனுமதிச்சிருக்கோம். ரெண்டு பாதிக் கம்பியையும் சேர்த்துப் பூட்டி, ராத்திரியில ரெண்டு குழந்தைங்களையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சா..."

"அந்தப் பையன் யாரு சார்?"

"அதைச் சொல்ல முடியாது மேடம். நோயாளியோட அந்தரங்கத்தை நாங்க உயிரா மதிக்கிறவங்க."

ராத்திரிக்கு ராத்திரி பாதம் மடங்கிவிடுமோ என்ற பயத்தில் லவோன் குழந்தையின் காலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தூங்கினாள். பிறகு பொறுக்கமாட்டாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் அவளைக் கோடிங் பிரிவுக்கு அழைத்துப்போனார். டாக்டர்கள் எழுதும் நோய்களுக்கு எண் போட்டுக் காப்பீட்டுக்கு அனுப்புவது அந்தப் பிரிவின் வேலை. எண் கிடைத்தால்தான் அது நோய். கிடைக்காதவரை அது நோயாளியின் சொந்த அபிப்பிராயம். பிரிவின் தலைவி வினிஃப்ரெட்.

"வலது பாதமும் வளைவுன்னு ஒரு வரி எழுதுங்க டாக்டர். ரெண்டு பூட்ஸும் வந்துடும்" என்றாள் வினிஃப்ரெட்.

"பொய் எழுத மாட்டேன். வலது கால் தங்கமான கால்."

"பொய் யாருக்கு வேணும்? உண்மையையே எழுதுங்க. வலது பாதம் இடது பாதம் மாதிரி இருக்கா?"

"இல்லை."

"அதை எழுதிக் கொடுங்க, போதும்."

டாக்டர் யோசித்துப் பார்த்தார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. 'வலது பாதம் இடது பாதத்தைப் போல் இல்லை' என்று எழுதினார். வினிஃப்ரெட் அதற்கு எண் தேடினாள். 'பிறவிப் பாதக் கோளாறு, வகை குறிப்பிடப்படாதது, வலது' என்று ஒன்று அம்சமாகக் கிடைத்தது. லவோன் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த பார்சலில் இரண்டு பூட்ஸும் முழுக் கம்பியும் வந்தன. அந்த சந்தோஷத்தில் லவோன் லவங்கப்பட்டை ரொட்டி சுட்டு டாக்டருக்கும் வினிஃப்ரெட்டுக்கும் கொடுத்தாள். டெக்கருக்கும் தபாலில் அனுப்பினாள். எனக்கும் பங்கு வந்தது. வயிறார வாழ்த்தினேன்.

ஹேட்டி வளர்ந்தாள். நடக்கவா செய்தாள்? ஓட்டம்தான். எங்கள் தெரு நாய்கள் அவளைத் துரத்தும் பழக்கத்தையே விட்டுவிட்டன. பள்ளிக் கால்பந்து அணியில் அவளைத்தான் முதலில் எடுத்தார்கள். அணிக்குக் காப்பீடு வேண்டுமே? விண்ணப்பம் போனது. பதவி உயர்ந்து மாணவர் காப்பீட்டுக்குத் தலைவராகியிருந்த டெக்கரிடமிருந்தே பதில் வந்தது. இடது பாதம்: பூரண குணம். வலது பாதம்: பிறவிக் கோளாறு, இதுவரை மாவுக்கட்டுச் சிகிச்சை செய்யப்படவில்லை. ஆகவே விளையாட அனுமதியில்லை.

ஆஸ்பத்திரியில் கூடிப் பேசினார்கள். டெக்கரே நேரில் வந்திருந்தார்.

"சார், இவ வலது கால்ல ஒண்ணுமே இல்லை" என்றாள் லவோன்.

"எப்போலேருந்து இல்லை?"

"எப்பவுமே இல்லை."

"அப்போ அந்த பூட்ஸ்?"

லவோன் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார். வினிஃப்ரெட் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள்.

"நான் யாரையும் குத்தம் சொல்லலை" என்றார் டெக்கர் கனிவாக. "நோய் இருந்துச்சு, வைத்தியம் பண்ணினோம், சரியாப்போச்சுன்னு வந்தா யாருக்குமே தொல்லையில்லை. நடுவுல அந்த வைத்தியம் ஒண்ணுதான் பாக்கி."

"சின்னதா ஒரு மாவுக்கட்டு, ரெண்டு வாரம்" என்றாள் வினிஃப்ரெட்.

"எனக்குத்தான் வலிக்கவே இல்லையே அங்கிள்!" என்றாள் ஹேட்டி.

"அதனாலதாண்டா செல்லம் சீக்கிரம் குணமாயிடும்" என்றார் டெக்கர்.

போட்டார்கள். ஊதா நிறக் கட்டு. அந்த வருஷம் அதுதான் நாகரிகம். பள்ளிப் பிள்ளைகள் அதன்மேல் இடமில்லாமல் பெயர் எழுதினார்கள். ஊரில் ஒரு இரக்க அலை கிளம்பியது. ஊதா ரிப்பன் வந்தது. 'ஹேட்டியின் வலது காலோடு நாங்கள்' என்று அச்சடித்த சட்டையும் வந்தது. நானும் ஒன்று வாங்கினேன். எனக்கு ஊதா எடுப்பாக இருக்கும்.

கட்டைப் பிரித்தார்கள். 'பூரண குணம்' என்று எண் விழுந்தது. அனுமதியும் வந்தது.

முதல் ஆட்டத்துக்கு ஊரே ஊதாச் சட்டையில் திரண்டது. டாக்டர், வினிஃப்ரெட், டெக்கர் மூவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹேட்டி மைதானத்தில் இறங்கினாள். கட்டுக்குள் கிடந்த கால் விறைத்துப்போயிருந்தது. பிறந்தது முதல் நொண்டாத பெண் அன்று நொண்டி நொண்டி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் பயிற்சியாளர் அவளைக் கூப்பிட்டுப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். கூட்டமே எழுந்து நின்று கை தட்டியது.

எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லவோனின் தோளைத் தொட்டாள்.

"என்ன தைரியமான பொண்ணு! பாவம், அந்த வலது கால் பிறவியிலேயே அப்படித்தானாமே?"

லவோன் வாயைத் திறந்தாள். முன்வரிசையிலிருந்து மூன்று தலைகள் திரும்பின. நானும்கூட அவள் முழங்கையை லேசாக இடித்தேன்.

"ஆமாங்க" என்றாள் லவோன். "பிறவியிலேயே."