சொன்னதை மட்டும் செய்யும் மெஷின்

“உங்க குறிப்பைப் படிச்சிட்டு மெஷின் செஞ்ச லட்சணத்தைப் பாருங்கம்மா,” என்றார் மேனேஜர்.

குறிப்புக்காரம்மா எட்டிப் பார்த்தாள். ஆபீஸில் அவளுக்கு அதுதான் பெயர். ஆளுக்குப் பதிலாக பிரவுசரைத் திறந்து, பட்டன் அழுத்தி, ஃபார்ம் நிரப்பும் ஏ.ஐ. ஏஜென்ட் ஒன்றைக் கம்பெனி விற்கப் பார்க்கிறது. அதன் கையில் கொடுத்திருக்கும் ஒவ்வொரு கருவியும் எதற்கு, எப்போது, எப்படி என்று எழுதித் தருவது இவள் வேலை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் துணிக்கடை முதலாளி வருகிறார். அவருடைய இணையக் கடையில் மெஷின் ஒரே ஒரு நீலச் சட்டையை ஒழுங்காக வாங்கிக் காட்டினால் இவள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நாளையிலிருந்து வீடு.

“‘அழுத்து: திரையில் தெரியும் பட்டனை அழுத்தும் கருவி’ன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு மொதல்ல தெரிஞ்சது ‘புகார் செய்’. முதலாளி மேலயே புகார் கொடுத்துட்டு உக்காந்திருக்கு.”

“மனுஷங்களா இருந்தா புரிஞ்சுப்பாங்க சார்.”

“மனுஷங்களுக்கு எழுதவா உங்களை வச்சிருக்கோம்?”

அவள் திருத்தினாள்: ‘வேலைக்குத் தேவையான பட்டனை மட்டும் அழுத்தும்.’

மெஷின் அசையவில்லை. ‘எது தேவை என்று குறிப்பில் இல்லை’ என்று பதில் வந்தது.

“வாயைப் பாரேன் இதுக்கு!” என்று பல்லைக் கடித்தபடி மறுபடி எழுதினாள்: ‘வாங்கு என்ற பட்டனை அழுத்தும். வேலை முடியாவிட்டால் மீண்டும் அழுத்தும்.’

எது நடந்தால் வேலை முடிந்தது என்று எழுத விட்டுப்போயிற்று. பத்தாவது நிமிஷம் துணிக்கடை குடோனிலிருந்து போன்.

“அறுபத்தோரு சட்டை கேட்டிருக்கீங்களே, உங்க ஆபீஸ்ல யூனிஃபார்மா?”

அவசர அவசரமாக அடுத்த திருத்தம்: ‘ஒரு முறைதான் அழுத்தும். திரையில் எல்லாம் ஓய்ந்த பிறகே அடுத்த வேலைக்குப் போகும்.’

திரையின் மூலையில் ஒரு தள்ளுபடி விளம்பரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது ஓய்கிற ஜாதி இல்லை. மெஷின் அதையே பார்த்தபடி சாப்பாட்டு நேரம் முழுக்கக் காத்திருந்தது. மேனேஜர் வந்து சத்தம் போட்டு நிறுத்தியபோது மணி மூன்று.

கேன்டீனில் அவள் டப்பாவைத் திறக்கையில் நாத்தனார் ஓடி வந்தாள். கணவரின் தங்கை, கீழ்த்தளத்தில் ஏதோ டேட்டா வேலை. வெளியில் மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம்.

“ஏன்டி இவ்வளவு நேரம்?”

“எந்திரிக்க விட்டாத்தானே அண்ணி. எழுதி வர்றதை அப்படியே செய்யணும். சொந்தப் புத்தியைக் காட்டினா சீட்டுக் கிழிஞ்சிடும்.”

“உனக்குக் காட்டறதுக்காவது புத்தி இருக்கு. எனக்கு வாய்ச்சது ஒரு மரமண்டை மெஷின். அதுக்குச் சோறு ஊட்டற மாதிரி எழுத வேண்டியிருக்கு.”

நாத்தனார் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். “கொஞ்சம் தெளிவாத்தான் எழுதுங்களேன் அண்ணி.”

“நீயுமா? பேசாம சாப்பிடு.”

நாலரைக்கு மேனேஜர் கூப்பிட்டார். “குறிப்பு சரியில்லையா, மெஷின் சரியில்லையா? எழுதிக் கொடுங்க. ரெண்டுல ஒண்ணு இன்னிக்கே வெளியே போகுது.”

தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரியும். ‘விளம்பரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், ஆர்டர் எண் வந்தால் வேலை முடிந்தது’ என்று இரண்டு வரி போதும். ஆனால் அதை எழுதினால் காலையிலிருந்து எழுதியதெல்லாம் தன் தப்பு என்று ஆகிவிடுமே.

‘குறிப்பில் குறையில்லை. மெஷினுக்குப் புத்தியில்லை. மாற்றிவிடலாம்.’

அன்றைக்கு அவள் எழுதியதிலேயே தெளிவானது அதுதான். யாரும் விளக்கம் கேட்கவில்லை. துணிக்கடை முதலாளியை அடுத்த வாரம் வரச்சொல்லிவிட்டு, மேனேஜர் அவள் கையில் நிரந்தர உத்தரவைக் கொடுத்தார்.

வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

“என்னடி ஆச்சு?”

“எங்க எட்டுப் பேரையும் வேலையை விட்டு அனுப்பிட்டாங்க அண்ணி.”

“ஐயையோ! ஏன்?”

“மெஷினுக்குப் புத்தியில்லைன்னு மேல யாரோ எழுதிக் கொடுத்தாங்களாம்.”

“மெஷினுக்குப் புத்தியில்லைன்னா உங்களை ஏன்டி அனுப்பணும்?”

“மெஷின் எங்க அண்ணி இருக்கு? காலையிலேர்ந்து உங்க குறிப்பைப் படிச்சுப் படிச்சு பட்டனை அழுத்தினது நான்தான்.”