கத்பர்ட்டின் ஆப்பிள் குழு

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால், அடுத்த புதன்கிழமைக் கப்பல் துறையை விட்டுவிட்டு என் வீட்டுக் கூரைமேல் வந்து நங்கூரம் போடட்டும். சின்னக் கப்பல் இல்லை, ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் உல்லாசக் கப்பல். அது வந்து நின்றால் எங்கள் தீவின் செயின்ட் ஜார்ஜஸ் ஊருக்கு மத்தியானம் வரை வெயில் கிடையாது. பொழுது சாய்ந்துவிட்டதென்று கோழிகள் கூண்டுக்குள் போய்விடும். அந்தக் கப்பல்மீது ஆணை.

கத்பர்ட் பொறாமையோடு பிறந்தவன். தொட்டிலில் கிடந்தபோதே பக்கத்து வீட்டுத் தொட்டில் ரெண்டு ஆட்டம் கூட ஆடுகிறதென்று அழுதவன். வளர்ந்து ஜாதிக்காய்க் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். தரம் பிரிக்கத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுமுன்பே எந்தக் காய் மிதக்கும், எது மூழ்கும் என்று பார்த்த பார்வையில் சொல்லிவிடுவான். பெண்டாட்டி மனசில் என்ன மிதக்கிறது என்பதுதான் பத்தொன்பது வருஷமாகப் பிடிபடவில்லை.

பெண்டாட்டி யூட்ரிஸ் ஒரு வேன் வைத்திருந்தாள். பதினெட்டு சீட்டு. கப்பல் நாளில் கரையிறங்கும் பயணிகளை ஏற்றிக்கொண்டு அருவி, கடற்கரை, சந்தை எல்லாம் காட்டி, நாலு மணிச் சங்கு ஊதுமுன் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். துறையில் முப்பது வேன் நிற்கும். மற்ற வேன்கள் ஆளுக்காகக் காத்துக்கிடக்கும். யூட்ரிஸின் வேனுக்காக ஆட்கள் காத்துக்கிடப்பார்கள்.

"அதே அருவி, அதே கடல். இவ வேனுக்கு மட்டும் ஏன் வரிசை நிக்குது?" கிடங்கில் காய் பொறுக்கும்போதும் கத்பர்ட் இதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வருஷக் கப்பல் பருவம் ஆரம்பித்ததும் மூன்று காரியம் நடந்தது. யூட்ரிஸ் மஞ்சள் கவுன் தைத்தாள். காதுக்குப் பின்னால் வாசனை தடவினாள். வேனைக் கழுவும்போது பாடினாள். நாலாவதாக, ரொட்டி டப்பாவின் மேல் ஒரு தபால் அட்டை கிடந்தது. 'புதன் வருகிறேன். முன் சீட் எனக்குத்தான். வால்டர்.'

முன் சீட் என்றால் வண்டி ஓட்டுகிற யூட்ரிஸுக்குப் பக்கத்து சீட்.

"யாரு இந்த வால்டரு?" என்றான் கத்பர்ட்.

"கப்பல்ல வர்றவரு."

"கப்பல்ல மூவாயிரம் பேர் வர்றான். மூவாயிரம் பேரும் உனக்குக் கார்டு போடுறானா?"

"போட்டா நல்லாத்தான் இருக்கும். தபால்காரன்தான் பாவம்."

"முன் சீட்டு எதுக்கு அவனுக்கு?"

"பின்னாடி உக்காந்தா அவருக்குக் குமட்டும்."

"உன் பக்கத்துல உக்காந்தா குமட்டாதா?"

"பத்தொன்பது வருஷமா நீ உக்கார்ற. உனக்குக் குமட்டுச்சா?"

இதற்கு எந்தப் பதில் சொன்னாலும் மத்தியானம் உப்புமீன் கிடைக்காது. கத்பர்ட் வேறு வழி தேடினான். புதன்கிழமை தானே ஒரு கப்பல் பயணியாக மாறி அந்த வேனில் ஏறிவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று.

கிடங்குக்குப் பல்வலி என்று சொல்லி அனுப்பினான். கிளி போட்ட சட்டை, முழங்கால் வரை கால்சட்டை, அதே முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்கில் அரை டப்பா வெயில் களிம்பு. ஒன்றுதான் குறை. கரையிறங்கும் பயணி ஒவ்வொருவர் நெஞ்சிலும் குழு எண் போட்ட வட்டச் சீட்டு ஒட்டியிருக்கும். அதற்கு எங்கே போவது? அடுக்களையில் நாலு சீமை ஆப்பிள் இருந்தது. ஒன்றின்மேல் கடைக்காரன் ஒட்டியிருந்த எண் போட்ட சீட்டை உரித்து நெஞ்சில் ஒட்டிக்கொண்டான்.

வாசலுக்கு வந்ததும் அவன் வளர்த்த நாயே குரைத்தது. கத்பர்ட்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

துறையில் யூட்ரிஸ் மஞ்சள் கவுனில் நின்றாள்.

"ஐயாவுக்கு எந்த ஊரு?"

"டொராண்டோ," என்றான் மூக்கால்.

"கூட வீட்டம்மா வரலையா?"

"அவளுக்குப் பல்வலி."

"அடடா." அவள் குனிந்து அவன் நெஞ்சைப் பார்த்தாள். "ஓ, ஆப்பிள் குழுவா. ஏறுங்க. கடைசி சீட்டு."

கடைசி சீட்டு சக்கரத்துக்கு நேர் மேலே இருந்தது. பத்தொன்பது வருஷமாகப் பள்ளத்தை ஒதுக்கி ஓட்டியவள் அன்றைக்குப் பள்ளத்தைத் தேடித் தேடி ஓட்டினாள். கத்பர்ட்டின் தொப்பி மூன்றாவது பள்ளத்தில் வேன் கூரையில் இடித்துத் தலையோடு ஒட்டிக்கொண்டது.

முன் சீட்டில் வால்டர். எண்பத்திரண்டு வயசு, கையில் தடி, ரெண்டு காதிலும் கேட்கும் கருவி. வேறு ஒருவனாயிருந்தால் அங்கேயே நிம்மதியாகத் தூங்கியிருப்பான். கத்பர்ட் உற்றுப் பார்த்தான். எண்பத்திரண்டு ஆனால் என்ன, பல் வரிசையாக இருக்கிறதே.

அருவிப் பக்கம் வண்டியை நிறுத்தி யூட்ரிஸ் எல்லாருக்கும் மிளகாய்க் குழம்பு ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். பயணிகள் காரம் தாங்காமல் அருவியை வாயால் குடித்தார்கள். கத்பர்ட் சின்னப் பிள்ளையிலிருந்து அதை ரொட்டியில் தடவித் தின்கிறவன். ஆனாலும் ஊ, ஆ என்று குதித்தான்.

"டொராண்டோ ஐயாவுக்கு ரொம்பக் காரம்போல," என்று அவனுக்கு மட்டும் இன்னும் ரெண்டு கரண்டி வைத்தாள்.

திரும்ப வண்டி கிளம்பியதும் வால்டர் தடியால் தரையைத் தட்டினார். "போதும்மா அருவி. ஆரம்பி. அவன் எப்படியிருக்கான்?"

பயணிகள் எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். கத்பர்ட்டின் காது நீண்டது.

"எங்க வீட்டுக்காரருக்கென்ன," என்றாள் யூட்ரிஸ், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி. "போன வாரம் என் தலகாணிய மோந்து பார்த்து, சோப்ப மாத்தினியான்னாரு. சோப்பு வாங்கிட்டு வந்ததே அவருதான்."

வேன் குலுங்கியது. இந்தத் தடவை பள்ளத்தால் இல்லை.

"கோயில்ல பாதிரியார் எனக்கு அப்பம் குடுக்கையில கை கொஞ்சம் கூட நேரம் நின்னுச்சாம். அதுலேருந்து பக்கத்துல நின்னு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுறாரு."

ஒரு அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"எதிர்வீட்டுல போனிஃபாஸ்னு ஒரு கிழவன். அவன் தலை தெரியுதுன்னு வேலிய ரெண்டு அடி ஒசத்தினாரு. கிழவன் நாற்காலி போட்டுக்கிட்டான்."

நாற்காலி அல்ல, முக்காலி. போகட்டும்.

"ஏய், வேலிய ஒசத்தினது ஆடு தாண்டுதுன்னு," என்று கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அது மூக்கால் வரவில்லை. டொராண்டோவிலிருந்தும் வரவில்லை.

யூட்ரிஸ் வண்டியை ஓரம் கட்டினாள். மெதுவாகத் திரும்பினாள்.

"டொராண்டோ ஐயா, எங்க வீட்டு ஆடு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்புறம் எழுந்த சிரிப்பில் அருவி ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. வால்டர் தடியை ஊன்றிக் கடைசி சீட்டுவரை வந்து கத்பர்ட்டின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருஷமா கப்பல் ஏறி வர்றேன் தம்பி. அருவி எல்லாத் தீவுலயும் இருக்கு. உங்கள மாதிரி எங்கயும் இல்ல." பதினேழு பேரும் ஒவ்வொருவராக அவன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கத்பர்ட் களிம்பைத் துடைக்காமலே உட்கார்ந்தான்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"எப்பவா? உன்னைப் பார்க்கணும்னு மூணு வருஷமா அவரு கேக்குறாரு. கூப்பிட்டா வருவியா நீ? நீயா வர்ற மாதிரி பண்ண வேண்டியதாச்சு. கவுனு அதுக்குத்தான். வாசனை அதுக்குத்தான். ரொட்டி டப்பா மேல கார்ட வச்சது யாருன்னு நெனச்ச?"

"ஆப்பிள்?"

"இந்த வீட்டுல என்னிக்கு ஆப்பிள் வாங்கியிருக்கோம்?"

கத்பர்ட் நெஞ்சிலிருந்த ஆப்பிள் சீட்டை உரித்தெடுத்தான்.

"அடுத்த புதனும் வந்துடு. இப்பவே வரிசை நிக்குது," என்றாள்.

"செத்தாலும் வரமாட்டேன்."

"சரி, வராத. எதிர்வீட்டு போனிஃபாஸக் கேட்டுட்டேன். தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கிட்டு உன் எடத்துல உக்காந்துக்கிறேன்னாரு. இவருதான் என் புருஷன்னு சொன்னா பயணிகளுக்கு என்ன தெரியும்?"

"அந்தக் கிழவனா? என் எடத்துலயா?"

"கடைசி சீட்டுதானே."

அன்றிலிருந்து ஒரு புதன் தவறவில்லை. கிடங்கில் பல்வலி சொல்லிச் சொல்லி முப்பத்திரண்டு பல்லும் தீர்ந்துபோய், இப்போது நாற்பத்தோராவது பல் வலிக்கிறதென்று எழுதிக் கொடுத்திருக்கிறான். யூட்ரிஸ் சொல்வதற்கு முன்பே தொப்பியைத் தேடி எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான்.

இதைச் சொன்னது யாரென்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அவனுக்கு ஒரே ஒரு புதன் நிஜமாகவே காய்ச்சல் வராதா என்று எதிர்வீட்டு வேலியோரம் முக்காலிமேல் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தொப்பி எனக்கு அளவாகத்தான் இருந்தது.