பூண்டுத் தண்ணீரில் ஒரு திதி

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் சேர்த்து அரைக்கும் வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கு அப்பா நினைவு வரும். அப்பா தன் ஆயுளில் ஒருநாளும் பூண்டைத் தொட்டதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால்தான் என் நிலைமை விளங்கும். சாயங்காலம் லஸ் பக்கம் நடந்து போகும்போது ஏதாவது தள்ளுவண்டியிலிருந்து அந்த வாசனை வரும்; ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வேன். வண்டிக்காரர் புகை என்று நினைத்துச் சட்டியை அந்தப் பக்கம் நகர்த்தி வைப்பார்.

அப்பா இறந்த வருஷம் நான் விவசாயி ஆனேன். நிலம் எங்கே என்று கேட்காதீர்கள். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் முக்கால் கிரவுண்டு. அதில் வீடு போக மிச்சம் ஒரு கொல்லை, ஒரு மொட்டைமாடி.

காரியங்கள் முடிந்த கையோடு அண்ணா சொல்லிவிட்டான், வீட்டை இடித்துக் கட்டுபவரிடம் கொடுத்துவிடலாம் என்று. அண்ணாவுக்கு அடையாறில் ஃப்ளாட் இருந்தது. எனக்கு இந்த வீடுதான் இருந்தது. சுவரெல்லாம் ஓதம், கிணறு வற்றிப்போய் அதில் எலி குடித்தனம். அண்ணா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அப்பா சாய்ந்து சாய்ந்து சுவரில் தலை பட்ட இடத்தில் ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும். அந்தக் கறையை எந்த லாரியில் ஏற்றுவது?

"ஒரு வருஷம் குடு அண்ணா. இடிக்காமலே இந்த ஆம் தன்னைத் தானே காப்பாத்திக்கும், காட்டறேன்" என்றேன்.

அண்ணா என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "சரி, வருஷத் திதி வரைக்கும்" என்றான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பா இறந்த அன்று நாங்கள் இரண்டு பேருமே அழவில்லை. ஐஸ் பெட்டி, வண்டி, மாலை என்று ஓடிக்கொண்டே இருந்தோம். அண்ணா மாடிப்படியில் நின்று போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டே இருந்தான். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அதை மன்னிக்கவில்லை. "அவனுக்கு ரெண்டு பிள்ளை. ரெண்டும் கருங்கல்லு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதற்காக வருத்தப்பட்டேனா என்றால், பாகற்கொடிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் திட்டம் எளிமையானது. திதிச் சமையலுக்கு வேண்டியவை வாழைக்காய், பாகற்காய், பிரண்டை, கறிவேப்பிலை, இலை. எல்லாம் நம் வீட்டிலேயே விளைந்தவை என்று அண்ணாவின் இலையில் பரிமாறினால் அவன் மனம் இளகிவிடும். தண்ணீர்கூட நம் வீட்டு மழைத்தண்ணீர். மொட்டைமாடிக் குழாயை நீட்டி, கொல்லையில் மூன்று நீல டிரம்களில் விழும்படி நானே பொருத்தினேன். (பிளம்பர் பார்த்துவிட்டு, "இன்னா சார், இதுல குளிக்கப் போறியா? யாருகிட்டயாவது கேட்டுக்கினியா?" என்றார். அறியாமை என்று நினைத்துக்கொண்டேன்.) கூழாங்கல்லும் கரியும் போட்டு ஒரு வடிகட்டியும் செய்தேன். அது முதல் மழையிலேயே அடைத்துக்கொண்டதால் கழற்றி வைத்துவிட்டேன்.

வாழை குலை தள்ளியது, அணில் தின்றது. பிரண்டை மட்டும் யார் தயவுமின்றி வளர்ந்தது. பாகற்காய் விரல் அளவில் காய்த்தபோது பூச்சி வந்தது. மருந்து என்னவென்று ஊருக்கே தெரியும்: இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்துக் கோமியத்தில் ஊறவைத்துத் தெளிக்க வேண்டும். மார்க்கெட்டில் பை நிறையப் பூண்டு வாங்கியபோது கடைக்கார அம்மா என் நெற்றியையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சாமி, ஊட்ல தெரியுமா?" என்றார்.

வீட்டில் தெரியும். என் மனைவி மாலா பூண்டை வாசலோடு நிறுத்திவிட்டாள். எனவே மொட்டைமாடியிலேயே இடித்து, பெரிய பிளாஸ்டிக் அண்டாவில் ஊறவைத்து, சாக்கால் மூடி வைத்தேன். "திதி வர்றது, அதைக் கொண்டுபோய்க் கொட்டிடுங்கோன்னா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்னும் பதம் வரவில்லை என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

திதியன்று விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, காற்றோடு. படுக்கையில் கிடந்தபடி, குழாய் வழியே தண்ணீர் இறங்கி டிரம்கள் நிறையும் சத்தத்தைக் கேட்டேன். முதலில் தகரம் போல, பிறகு மிருதங்கம் போல, கடைசியில் சத்தமே இல்லாமல். அப்பாவே மேலிருந்து ஊற்றுவதாக எனக்குத் தோன்றியது. எழுந்துபோய் மாடியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. பார்த்திருந்தால், காற்றில் கவிழ்ந்துகிடந்த அண்டாவைப் பார்த்திருப்பேன்.

அண்ணா வந்தான். பின்னாலேயே அத்தை வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். (அத்தைக்குப் பல வருஷமாக மூக்கில் வாசனையே தெரியாது. அன்று கடவுள் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.) கொல்லை ஏற்கெனவே என் உரங்களால் ஒரு வருஷமாக நாறிக்கொண்டிருந்ததால், புதிய நாற்றத்தை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

பெரியவன் என்பதால் முதல் ஸ்நானம் அண்ணாவுக்கு. கொல்லைக் குளியலறையில் டிரம் தண்ணீரை நிரப்பி வைத்து, செம்பை அவன் கையில் கொடுத்து, ஆகாச கங்கை என்று வேறு சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டான். தண்ணீர் விழும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. பிறகு செம்பு தரையில் விழுந்து உருண்டது.

"டேய்."

மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன்.

"எப்படி இருக்கு அண்ணா?"

"கண்ணு தெரியலைடா."

ஒரு டிரம் தண்ணீரில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நானும் ஒரு செம்பு எடுத்து முகத்தில் ஊற்றிப் பார்த்தேன். பரிசோதனை செய்வதற்கு இப்படி ஒரு முறை இருக்கிறது என்பதை இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை. அதற்குள் திதி செய்துவைக்கும் வாத்தியார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, பக்கத்து வாளியில் காலையும் முகத்தையும் கழுவிக்கொண்டுவிட்டார். கொல்லையில் மூன்று ஆண்பிள்ளைகள், ஈர வேஷ்டியோடு, கண்ணைத் திறக்க முடியாமல், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். அண்டாவும் மூன்று டிரம் தண்ணீரும் கலந்தது சரியாகப் பூச்சிக்குத் தெளிக்கும் பதம். ஒரு வருஷத்தில் நான் அளவு தவறாமல் செய்த ஒரே காரியம்.

மாலா வந்து நின்றாள். முகர்ந்தாள். "பூண்டு" என்றாள்.

திதி வீட்டில் பூண்டு! வாத்தியாரின் காலில் விழுந்து, நடந்ததை ஒப்பித்தேன். அவர் கண்ணீர் வழிய யோசித்தார்.

"கோமியத்துலதானே ஊறித்து? அப்போ தோஷம் பாதி போயிடுத்து. மீதிக்குக் கார்ப்பரேஷன் தண்ணியில இன்னொரு ஸ்நானம் பண்ணிடுங்கோ. எனக்குப் பதினொண்ணரைக்கு மந்தைவெளியில இன்னொண்ணு இருக்கு."

கார்ப்பரேஷன் அடிபம்பில் மாலா அடித்து அடித்து ஊற்றினாள். சமையல் தண்ணீரை அவள் முதல் நாளே அதில் பிடித்து வைத்திருந்தாள். என் ஆகாச கங்கையை அவள் ஒருபோதும் நம்பியதில்லை.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தோம். கண்கள் கோவைப்பழம். மூக்கு ஒழுகிற்று. வாத்தியார் விசும்பி விசும்பி மந்திரம் சொன்னார். அப்பாவின் பெயரை மூன்று தலைமுறையோடு சொல்லும் இடத்தில் அவர் குரல் உடைந்தபோது அத்தையால் தாங்க முடியவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

பிண்டம் வைக்கும் நேரத்தில் எனக்கு எரிச்சல் நின்றுவிட்டது. வாத்தியாருக்கும் நின்றுவிட்டது, குரல் தெளிந்து வேகம் எடுத்துவிட்டார். அண்ணாவுக்கு மட்டும் நிற்கவில்லை. எள்ளும் தண்ணீரும் இறைத்த கையாலேயே கண்ணை ஒற்றிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது பிண்டத்தை அல்ல, சுவரில் இருந்த அந்த எண்ணெய்க் கறையை. "பாழாப்போன பூண்டு" என்று முணுமுணுத்துக்கொண்டு, துடைத்துத் துடைத்து அழுதான். என் கண்ணில் மருந்து தீர்ந்துபோயிருந்தது. ஆனாலும் சேர்ந்துகொண்டேன்.

வீடு நிற்கவில்லை. இப்போது அங்கே நான்கு மாடி, இரண்டாவதில் நானும் மாலாவும். கறை இருந்த இடம் உத்தேசமாக லிஃப்டுக்குள் வருகிறது. வருஷா வருஷம் திதிக்கு முதல் நாள் அண்ணா போன் செய்து, "நாளைக்கு எந்தத் தண்ணிடா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவான். அத்தையோ, சாப்பிட்டு எழுந்ததும், முதல் வருஷம் பிள்ளைகள் இரண்டும் அப்பாவுக்காகக் கதறிய கதையைச் சொல்வாள், ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் அதிகமாக. மாலா பாத்திரம் கழுவப் போய்விடுவாள். நானும் அண்ணாவும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த முதல் திதியன்று அத்தையைக் காரில் ஏற்றிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அண்ணா வாசலில் என்னிடம் திரும்பி வந்தான். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

"ஆத்தை இடிக்கக் குடுத்துடலாம்டா. வேற வழியில்லை" என்றான். நான் தலையாட்டினேன். கார்ப் பக்கம் இரண்டடி நடந்தவன் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அத்தைகிட்ட பூண்டுன்னு மட்டும் சொல்லிடாதே."